நாற்காலிக்கு எத்தனை நாள் வாடகை?

தைப்பூசக் காவடிக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் மாமாவின் வாடகைக் கடையிலிருந்து 120 நாற்காலிகள் போயின. வெள்ளி மாலை ஆறு மணிக்குப் போனவை திங்கள் காலை எட்டுக்குத் திரும்பின. எத்தனை நாள் வாடகை? "ஞாயிறு ஒரு நாள்தானே உட்கார்ந்தோம்" என்றார் எடுத்தவர். காலண்டரைப் பார்த்தால் நான்கு நாள். 62 மணி நேரத்தை 24-ஆல் வகுத்து மேலே ஏற்றினால் மூன்று. மாமா நோட்டில் 'வாரக்கடைசி' என்று ஒரே விலை போட்டு முடித்துவிடுவார். அந்த நோட்டை மென்பொருளாக மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது.

பில்லில் ஒரு பொருளுக்கான தொகை என்பது எண்ணிக்கை, நாள் விலை, காலம் மூன்றையும் பெருக்கிக் கழிவைக் கழித்தால் வருவது. எண்ணிக்கையில் சண்டை இல்லை. காலம்தான் படுத்தும். நாற்காலியை ஏற்றி, இறக்கி, கழுவும் செலவு ஒரு தடவைதான். அது முதல் நாள் விலையிலேயே அடங்கிவிடுகிறது. அதனால் நாள் கூடக்கூட நாளுக்கான விலை குறைய வேண்டும்.

குறைத்தால் வேறு வம்பு வருகிறது. ஜெனரேட்டர் நாளுக்கு 400 ரேண்ட், வாரத்துக்கு 1600 என்று வையுங்கள். ஐந்து நாளுக்குப் பெருக்கினால் 2000. வாரத்தைவிட ஐந்து நாள் விலை அதிகம்! விவரமான ஆள், "சரி, ஏழு நாளே எழுது, ஐந்தாம் நாள் கொண்டுவந்து விடுகிறேன்" என்பார். 12 நாளிலும் இதே கதை: ஒரு வாரமும் ஐந்து நாளும் 3600, இரண்டு வாரம் 3200. எனவே மென்பொருள் ஒவ்வொரு நாள் எண்ணுக்கும் இரண்டு வழிகளை ஒப்பிடுகிறது: ஒரு நாள் குறைவாக எடுத்தால் வரும் விலையோடு 400, ஏழு நாள் குறைவாக எடுத்தால் வரும் விலையோடு 1600 (ஏழு நாளுக்குள் என்றால் வெறும் 1600). எது குறைவோ அதுதான் விலை. ஒன்றிலிருந்து அடுக்கிக்கொண்டே போனால் முழுப் பட்டியலும் கிடைத்துவிடும்.

அப்புறம் வரி. தமிழில் பில்லின் வரியும் வரி, அரசுக்குக் கட்டுவதும் வரி என்பதால் இதை வாட் என்றே சொல்கிறேன். 12.50 ரேண்டில் மூன்று மேசைவிரிப்புகள், மூன்று தனி வரிகள். 15 சதவீத வாட் ஒவ்வொன்றுக்கும் 1.875, முழுமையாக்கினால் 1.88, மூன்றுக்கும் 5.64. மொத்தத்துக்கு ஒரே தடவை போட்டால் 5.63. ஒரு சென்ட் இடிக்கிறது. அந்த நாணயம் அடிப்பதை 2002-லேயே நிறுத்திவிட்டார்கள், கணக்காளர் மட்டும் இன்னும் தேடுகிறார். எந்த முறை என்றாலும் ஒன்றையே பிடித்துக்கொள்ள வேண்டும். தொகையைத் தசமமாக வைக்காமல் சென்ட் கணக்கில் முழு எண்ணாக வைப்பதும் நல்லது. கணினி தசமங்களை இரும எண்ணில் வைத்துக்கொள்வதால், 1.15-ஐ நூறால் பெருக்கச் சொன்னால் பல மொழிகளில் 114.99999999999999 என்று வரும். பின்னத்தை வெட்டினால் 114.

தென்னாப்பிரிக்காவில் வாட் 2018 ஏப்ரல் 1 அன்று 14-லிருந்து 15 சதவீதம் ஆனது. மார்ச் மாதத்துப் பில்லை இன்று மறுபடி அச்சடித்தாலும் 14 தான் வர வேண்டும். அதனால் பில் போடும் நொடியில் விலை, வாட் விகிதம் இரண்டையும் அந்தந்த வரியிலேயே நகலெடுத்து வைத்துவிடுகிறோம். விலைப்பட்டியலைத் திரும்பப் பார்ப்பதில்லை. மாமாவின் நோட்டில் இது பேனாவால் எழுதியபோதே நடந்துவிட்டது.