சொல் விளக்கம்: கேம் மாஸ்டர்

சென்னையில் மாஸ்டர் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் டீ மாஸ்டர். அடுத்தவர் பரோட்டா மாஸ்டர். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையில் துணி எடுத்துத் தைக்கக் கொடுப்பவர்களுக்குக் கட்டிங் மாஸ்டர். இவர்களில் யாரும் கடைக்கு முதலாளி இல்லை. கைவேலை தெரிந்தவர், அவர் வராத நாளில் கடை ஓடாது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு எஜமானன் என்ற வாடையும் உண்டு. நம் தெருக்கள் அதைக் கழுவிவிட்டுத் தொழில் தெரிந்தவரின் பட்டமாக ஆக்கிக்கொண்டன. ஆகவே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை ஆட்டங்களை நடத்துபவருக்குத் தமிழ்ப்பெயர் எதற்கு, ‘கேம் மாஸ்டர்’ என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாமே என்பவர்களிடம் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் புதிதாக வருபவருக்கு அந்தப் பெயர் எதையும் சொல்லித்தருவதில்லை. என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமலேயே அந்த நாற்காலியில் உட்காருகிறார்.

நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேச்சாலேயே ஒரு கதையை நடத்திப்போகும் ஆட்டம் இது. ஒருவர் மட்டும் தனக்கென்று பாத்திரம் வைத்துக்கொள்வதில்லை. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, எதிரே வருபவர் என்ன பேசுவார், நினைத்த காரியம் கைகூடியதா என்பதையெல்லாம் அவர்தான் சொல்ல வேண்டும். அவரே கேம் மாஸ்டர், சுருக்கமாக ஜி.எம்.

இந்தப் பதவி பட்டாளத்தில் பிறந்தது. பிரஷ்யப் படையின் இளம் அதிகாரி ஃபான் ரைஸ்விட்ஸ், தன் தந்தை தொடங்கிவைத்த ஓர் ஆட்டத்தைத் திருத்தி 1824இல் விதிநூலாக வெளியிட்டார். பெயர் ‘கிரீக்ஸ்பீல்’. தமிழில் போர் ஆட்டம் என்று பிரித்தே எழுத வேண்டும். சேர்த்து எழுதினால் கொடி பிடித்துச் சாலையில் உட்கார்ந்துவிடும். எதிரியின் படை எங்கே நிற்கிறது என்பது எந்தத் தரப்புக்கும் தெரியாது. இரு தரப்பும் கட்டளையை எழுதி நடுவில் இருப்பவரிடம் கொடுப்பார்கள். முழுக் களத்தையும் அறிந்த அவர் பகடை உருட்டி, கணக்குப் பார்த்து, ஒவ்வொரு தரப்பின் கண்ணுக்கும் எட்டக்கூடியதை மட்டும் சொல்வார். ஜெர்மனில் அவருக்கு ‘நம்பிக்கைக்குரியவர்’ என்ற பொருள்படும் பெயர். 1876இல் வெர்டி து வெர்னுவா என்ற அதிகாரி, அட்டவணைகள் எதற்கு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்று சொல்லிவிட்டார். புத்தகம் சொல்வதா, நடுவர் சொல்வதா என்ற சண்டைக்கு அன்றிலிருந்து இன்றுவரை ஓய்வில்லை.

அங்கிருந்து கதை அமெரிக்காவுக்குப் போகிறது. 1960களின் இறுதியில் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர், ஆடுகிறவருக்குப் படையைக் கொடுக்காமல் மேயர், வங்கிக்காரர் என்று ஓர் ஆளைக் கொடுத்துப் பார்த்தார். அந்த மேசையில் ஆடிய டேவ் ஆர்னெசன் பிறகு கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து 1974இல் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ ஆட்டத்தை வெளிக்கொண்டுவந்தார். அந்த முதல் பெட்டியிலிருந்த மூன்று சிறு புத்தகங்களில் இந்தப் பதவிக்கு ரெஃபரி என்றுதான் பெயர். டஞ்சன் மாஸ்டர் என்ற பெயர் 1975இல் அச்சேறியது. அது ஒரு நிறுவனத்தின் உடைமையாகிவிட்டதால், தபால்வழி ஆட்டங்களில் 1960களிலேயே புழங்கிய கேம் மாஸ்டரை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1981இல் வந்த ஒரு திகில் ஆட்டம் அவரைக் காப்பாளர் என்றது; 1991இல் வந்த இரத்தக்காட்டேரி ஆட்டம் கதைசொல்லி என்றது.

டஞ்சன் என்ற சொல்லின் பயணம் தனி வேடிக்கை. இலத்தீனில் ‘தலைவன்’ என்ற பொருளுடைய வேரிலிருந்து பிரெஞ்சு மொழியில் கோட்டையின் உயர்ந்த கோபுரத்துக்குப் பெயராகி, ஆங்கிலத்தில் பாதாளச் சிறைக்கு இறங்கியது. ரோல் என்பதும் அப்படித்தான். நடிகனின் வசனத்தை எழுதிக் கொடுத்த காகிதச் சுருளுக்குப் பெயர். பகடையை உருட்டுவதற்கான ஆங்கிலச் சொல்லுக்கும் அதற்கும் வேர் ஒன்றே. நமக்கு வேடம் கட்டுதல் என்ற நல்ல வழக்கு இருப்பதால் ‘ரோல் ப்ளேயிங் கேம்’ என்பதை வேடமேற்பு ஆட்டம் என்று சொல்வதில் சிக்கல் இல்லை. சிக்கல் எல்லாம் மாஸ்டரிடம்தான்.

எளிதில் தள்ளிவிடக்கூடியவற்றை முதலில் தள்ளிவிடலாம். ஆட்டநாயகன், கிரிக்கெட்டில் நூறு ரன் அடித்தவருக்குப் போய்விட்டது. நடத்துநர் என்றால் விசிலும் டிக்கெட் பையும் கண்முன் வருகின்றன. நெறியாளர் தொலைக்காட்சி விவாதத்தில் கத்துபவர்களை அடக்கிக்கொண்டிருக்கிறார். வாத்தியார் என்ற சொல்லை விட எனக்கு மனம் வரவில்லை. வடசென்னையில் குத்துச்சண்டைக்கும் சிலம்பத்துக்கும் வாத்தியார்தான். உபாத்தியாயர் என்ற வடசொல் தேய்ந்து உருவான சொல் அது. ஆனால் ஒருவரை வாத்தியார் என்றதும் மற்றவர்கள் மாணவர்கள் ஆகிவிடுகிறார்கள். மேசையில் அந்தக் கைகட்டல் வந்தால் ஆட்டம் செத்துவிடும்.

நடுவர் அப்படித் தள்ளக்கூடியதன்று. வரலாறு அதன் பக்கம். பட்டிமன்றத்துக்கும் நடுவர், கேரம் பலகைக்கும் நடுவர். 2024 கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவின் புதுவண்ணாரப்பேட்டையில் அந்தச் சொல்லுக்கு விளக்கமே தேவையில்லை. நடுவர் என்ற பெயரை ஏற்றுக்கொண்டால் ஒரு நல்ல பழக்கமும் கூடவே வரும்: பகடை உருளும் முன்பே தீர்ப்பின் விதியைச் சொல்லிவிடுவது.

காசிமேட்டில் நடப்பதாக நான் நடத்திய ஒரு கதையில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம். 61 நாளும் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்க வேண்டும். ஒரு படகின் தளம் மட்டும் விடியற்காலையில் ஈரமாக இருக்கிறது. கல்லூரி மாணவி ஒருவர், “படகில் ஏறி வலையை முகர்ந்து பார்க்கிறேன் அண்ணா” என்றார். “அதற்குப் பகடை வேண்டாம். வலையில் மீன்வாடையே இல்லை. டீசல் வாடை அடிக்கிறது” என்றேன். அடுத்து, காவல்காரரிடம் தன்னைப் படகு உரிமையாளரின் மகள் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். “13 அல்லது அதற்கு மேல் விழுந்தால் நம்புவார். குறைந்தால் நம்பமாட்டார், சங்கத்துக்கும் செய்தி போய்விடும். உருட்டுகிறாயா?” இருபதுமுகப் பகடையில் 13 அல்லது அதற்கு மேல் விழ நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு. சற்று யோசித்துவிட்டு உருட்டினார். 9. யாரும் முனகவில்லை, ஏனென்றால் விலை முன்பே பேசப்பட்டுவிட்டது.

கதை நகரத் தேவையான தடயத்தைப் பகடையிடம் ஒப்படைக்கக் கூடாது என்பதும் அங்கேயே இருக்கிறது. டீசல் வாடை அவருக்குத் தெரியாமல் போயிருந்தால் அன்றைய மாலை அந்தப் படகிலேயே நின்றிருக்கும். ஆட்டம் நடத்துபவர்களிடையே மூன்று தடய விதி என்றே ஒன்று வழங்குகிறது: கண்டுபிடித்தே ஆக வேண்டிய எதற்கும் மூன்று வழி வை. ஈரத் தளத்தைக் கவனிக்காதவர் ஐஸ் கடைக் கணக்கையாவது பார்ப்பார். அதையும் விட்டவரிடம் ஏலக்கூடத்தில் ஒருவர் தானாக வந்து உளறுவார்.

நடுவர் என்ற சொல்லின் குறை வேறிடத்தில் இருக்கிறது. நடுவருக்கு இரு தரப்பு வேண்டும். இங்கே ஆடுபவர் அனைவரும் ஒரே தரப்பு. எதிரியாகப் பேசுபவரும் நடுவரே. அந்தக் காவல்காரர் நான்தான். அவரைத் தாண்டிப் போனால் வரும் கடத்தல்காரரும் நான்தான்.

கதைசொல்லியோ இதைவிட ஆபத்தானது. அந்தப் பெயரைச் சூடிக்கொண்டவர் முடிவை வீட்டிலேயே எழுதிவந்துவிடுவார். பிறகு யார் எந்தக் கதவைத் திறந்தாலும் அதே அறைதான் இருக்கும்.

எனக்குப் பொருத்தமாகப் படுவது கட்டியக்காரர். கட்டியம் என்பது அரசரோ தெய்வமோ வரும்போது முன்னால் நின்று விருதுப்பெயர்களை முழங்குவது. கோயில் புறப்பாட்டில் இன்றும் கேட்கலாம். தெருக்கூத்தில் கட்டியங்காரன் முதலில் வந்து நிற்கிறான். என்ன கூத்து என்று அறிவிக்கிறான். திரை விலகி வேடதாரி வந்ததும் “தாங்கள் யார், எந்த தேசம்?” என்று கேட்டு அவர் வாயாலேயே அவர் பெருமையைச் சொல்ல வைக்கிறான். அரசவையில் காவலன் வேண்டுமா, அவன். தூதன் வேண்டுமா, அவன். பாட்டில் வந்தது புரியாதவர்களுக்குப் பேச்சில் எடுத்துச் சொல்பவனும் அவனே. தூங்கி விழும் நடுச்சாமத்தில் ஊர் நடப்பை இழுத்துக் கேலி பேசி எழுப்பிவிடுவான். இத்தனையும் செய்கிறான், ஆனால் கூத்துக்கு அவன் நாயகன் இல்லை. கர்ணனும் துரியோதனனும்தான் ஊரார் வாயில் மறுநாள் இருப்பார்கள்.

மேசைக்கு வேண்டிய பழக்கங்கள் எல்லாம் இந்த ஒருவனிடம் இருக்கின்றன, குறிப்பாக அந்தக் கேள்வி. புதிதாக நடத்துபவர்கள் அரைமணி நேரம் ஊரை வருணித்துவிட்டு “என்ன செய்கிறீர்கள்?” என்று மொத்த மேசையையும் பார்த்துக் கேட்பார்கள். யாரும் வாய் திறக்கமாட்டார்கள். கட்டியக்காரர் ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்பார்: “கப்பல் மாலுமியே, இந்தத் துறைமுகத்தில் உனக்குக் கடன் பாக்கி இருக்கிறது. யாருக்கு?” பதில் தயங்கித் தயங்கி வரும், வந்ததும் அதைக் கதையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூச்சப்படுபவரை இப்படித்தான் பேச வைக்க முடியும். மற்றவர் அனைவரையும் தானே முந்திக்கொண்டு பேசுபவர் ஒருவர் எல்லா மேசையிலும் உண்டு. அவரை அடக்கவும் வேறு வழி தேவையில்லை, கேள்வியை அடுத்தவரிடம் திருப்பினால் போதும்.

எதிர்ப்பும் வரும். சீவக சிந்தாமணியில் அரசனைக் கொன்று நாட்டைப் பிடித்த அமைச்சன் பெயர் கட்டியங்காரன் என்று தமிழாசிரியர் ஒருவராவது சொல்வார். உண்மைதான், ஆடுகிறவர் பாத்திரங்களை அடுத்தடுத்துக் கொன்றுதள்ளும் ஜி.எம்.களுக்கு அந்தப் பொருளையும் ஒதுக்கிக்கொடுக்கலாம். பெண் நடத்தினால் கட்டியக்காரி. பொதுவில் கட்டியர் என்று சுருக்கினாலும் காதுக்கு உறுத்தவில்லை.

இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டால் கருவிகளின் பெயர்களும் தானே வரிசையில் வருகின்றன. குறிப்புகளை மறைக்க ஜி.எம். முன்னால் நிறுத்தும் மடிப்பு அட்டைக்குத் திரை. கூத்தில் இருவர் பிடிக்கும் துணிக்கும் அதே பெயர். அட்டையின் உட்புறம் அடிக்கடி தேவைப்படும் விதிகளையும் பத்துப் பன்னிரண்டு ஆட்பெயர்களையும் ஒட்டிவைத்தால் போதும். மீன்கடைக்காரர் பெயரை யாராவது கேட்டால் விழிக்க வேண்டாம். பாத்திரத்தின் விவரத் தாளுக்கு வேடத்தாள். முதல் ஆட்டத்துக்கு முன் கூடி, எப்படிப்பட்ட கதை, எதெல்லாம் வேண்டாம் என்று பேசிக்கொள்வதற்கு முன்பேச்சு. இடையில் ஒருவருக்கு ஒரு காட்சி தாங்கவில்லையென்றால் காரணம் சொல்லாமலே தொட்டுக்காட்டி நிறுத்த, நடுவில் பெருக்கல் குறி போட்ட அட்டை ஒன்றை வைப்பார்கள். ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் என்ற அமெரிக்கர் வகுத்த வழி. அதை நிறுத்தட்டை என்கிறேன்.

பகடைக்குப் புதுச்சொல் தேவையே இல்லை. குறளில் வரும் கவறு என்ற பழஞ்சொல்லும் இருக்கிறது. ஆனால் அது சூது அதிகாரத்தில் திட்டு வாங்கும் சொல், பிள்ளைகளின் பெற்றோர் முன் வேண்டாம். பக்கத்துக் கடையில் கிடைப்பது ஆறுமுகப் பகடை மட்டுமே. இருபதுமுகம் வந்து சேரும்வரை தம்போலா பெட்டியிலிருந்து 1 முதல் 20 வரையுள்ள காய்களை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுக்கலாம். எடுத்த காயை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் வாய்ப்புக் கணக்கு மாறிவிடும்.