சொல் விளக்கம்: கும்பத்தி

ஜார்ஜியத் தேவாலயங்களைப் பற்றிப் படித்தால் ‘கும்பத்தி’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். முதல் எழுத்தை ‘குரு’ என்பதில் ஒலிப்பது போல மெலித்துச் சொல்ல வேண்டும். கூரைக்கு மேல் எழும்பி நிற்கும் வளைமாடம் என்பது பொருள்.

இது பாரசீகத்தின் ‘கும்பத்’ ஜார்ஜியத்துக்குள் வந்த வடிவம். அதே சொல்தான் உருது வழியாகத் தமிழுக்கு வந்து ‘கும்மட்டம்’ ஆனது. ஆக, கும்பத்தியும் கும்மட்டமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கோயில் உச்சியில் இருக்கும் கும்பத்தோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? ‘குவிமாடம்’ என்பதே என் தேர்வு. கும்மட்டம் என்றதும் நம் மனதில் வருவது மசூதியின் உருண்டை வடிவம். ஜார்ஜியக் கும்பத்தி உள்ளேயிருந்து பார்த்தால்தான் அரைக்கோளம். வெளியே அதன் மேல் கூம்புக் கூரை போட்டிருப்பார்கள். மேலே போகப் போகக் குவிகிற அந்த வடிவத்துக்குக் குவிமாடம் பொருத்தமான சொல். மாடத்தைத் தாங்கும் உருளைச் சுவரை ஜார்ஜியர்கள் ‘கும்பத்தியின் கழுத்து’ என்கிறார்கள். நம் சிற்ப நூல்களும் விமானத்தில் சிகரத்துக்குக் கீழுள்ள உறுப்பைக் ‘கிரீவம்’, அதாவது கழுத்து என்றுதான் சொல்கின்றன. அதனால் ‘மாடக்கழுத்து’ என்றே எழுதலாம்.

எல்லா ஜார்ஜியத் தேவாலயத்துக்கும் குவிமாடம் உண்டு என்று நினைத்துவிடக் கூடாது. அப்காசியாவையே பாருங்கள். 1992–93 போருக்குப் பிறகு ஜார்ஜியாவின் கையைவிட்டுப் போன பகுதி அது. 2008இல் ரஷ்யா அதைத் தனிநாடாக ஏற்றது. உலகின் பெரும்பாலான நாடுகள் இன்றும் ஜார்ஜியாவின் பகுதியாகவே கருதுகின்றன. அங்கே மூன்றாம் பக்ராத் மன்னர் 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய பேதியா பேராலயம் குவிமாடம் கொண்டது. ஆனால் இலோரி ஊரிலுள்ள புனித ஜார்ஜ் தேவாலயம், 11ஆம் நூற்றாண்டில் எழும்பியது, ஒற்றைக் கூடம் மட்டுமே. எளிய சரிவுக் கூரை, சுவரில் பழைய ஜார்ஜியக் கல்வெட்டுகள், அவ்வளவுதான். அந்த எளிமைதான் அதன் அழகு.

2010 வாக்கில் புதுப்பித்தல் என்று சொல்லி அதன் சுவர்களுக்கு வண்ணம் பூசி, கூரை மேல் ரஷ்ய பாணிக் குவிமாடம் ஒன்றையும் ஏற்றிவிட்டார்கள். ஜார்ஜியா கடுமையாக எதிர்த்தது. எதிர்த்தது நியாயமே. ஆயிரம் ஆண்டுப் பழைய கட்டடத்தில் என்றுமே இல்லாத உறுப்பைக் கொண்டுவந்து வைப்பதைப் பராமரிப்பு என்று ஏற்க முடியாது. அது வரலாற்றை அழிக்கிற வேலை.

எனவே இலோரியைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் ‘குவிமாடத் தேவாலயம்’ என்று போட வேண்டாம். ‘ஒற்றைக்கூடத் தேவாலயம், குவிமாடம் பிற்காலச் சேர்க்கை’ என்று எழுதுங்கள்.