ஹாட்டிஸ்க் போகேல்லை, ரீச்சர்

போன கிழமை ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் கொக்குவிலில் இருந்து தன் பழைய டெஸ்க்ரொப்பை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"தம்பி, ஹாட்டிஸ்க் போட்டுதாம், போர்மட் அடிக்கவேணுமாம். பிள்ளையின்ர கலியாணப் படமெல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு."

வேறொரு கடையில் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வின்டோஸ் தொடங்குகிற நேரம் நீலத்திரை வந்து, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகியது. டிலீட் கீயைத் தட்டி, வின்டோஸுக்கு முதல் ஓடி கணினியை எழுப்புகிற பயோஸுக்குள் போனேன். திகதி: 2010 ஜனவரி 1. ஹாட்டிஸ்க்கின் பெயரும் கொள்ளளவும் ஒழுங்காகவே நின்றன. பெயரைக் காட்டுகிற டிஸ்க் எல்லாம் நல்ல டிஸ்க் இல்லைத்தான். ஆனால் திகதியும் பின்னால் போயிருந்தால் எனக்கு முதல் சந்தேகம் பற்றறியில்தான்.

பாகங்கள் எல்லாம் பொருத்தியிருக்கிற மதர்போட்டில் நாணயக் குற்றி போல 3 வோல்ற் பற்றறி ஒன்று இருக்கும். சி.ஆர். 2032 என்று கேட்டால் தருவார்கள். 20 மில்லிமீற்றர் அகலம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு, அதுதான் அந்த இலக்கம். பிளக் கழன்றிருக்கும்போது மணிக்கூட்டை ஓட்டுவதும், பழைய போட்டுகளில் பயோஸ் அமைப்புகளைக் காப்பதும் அதன் வேலை. ஐப்பசி, கார்த்திகையில் மின்னலுக்குப் பயந்து நாங்கள் பிளக்கைக் கழற்றி வைக்கிறோம். நல்ல பழக்கம், ஆனால் அந்த நேரமெல்லாம் பாரம் பற்றறிக்குத்தான்.

பற்றறி செத்தால் அமைப்புகள் கொம்பனி வைத்தபடி திரும்பிவிடும். ஹாட்டிஸ்க்கோடு பேச ஏ.எச்.சி.ஐ. என்றும், அதைவிடப் பழைய ஐ.டி.இ. என்றும் இரண்டு முறைகள் உண்டு. ரீச்சரின் வின்டோஸ் ஏ.எச்.சி.ஐ. முறையில் போடப்பட்டது, பயோஸ் ஐ.டி.இ.க்குத் திரும்பியிருந்தது. நீலத்திரை அதனால்தான். பற்றறியை மாற்றி, திகதியையும் முறையையும் சரிசெய்து, சேமிக்க எஃப் 10 தட்டினேன். வின்டோஸ் வந்தது, கலியாணமும் வந்தது.

இதைப் பார்த்து நீங்களும் உள்ளே போவதென்றால், கைவைக்க முதல் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுங்கள். புதிய லப்டொப்பில் செக்கியூர் பூட், டி.பி.எம். என்கிற பாதுகாப்பு அமைப்புகளை மாற்றினால், டிஸ்க்கைப் பூட்டிவைக்கிற பிட்லொக்கர் 48 இலக்கத் திறப்பைக் கேட்கக்கூடும். அது உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முதலே பாருங்கள். பயோஸ் அப்டேற்றை யு.பி.எஸ். இல்லாத டெஸ்க்ரொப்பில் நான் செய்வதேயில்லை. நடுவில் கரண்ட் நின்றால் போட்டே போய்விடலாம்.

போகும்போது ரீச்சர் சொன்னார்: "ரெண்டு மாசமா நெற்றில எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை எண்டுதான் வரும். நான் திகதியை மாத்திப்போட்டுப் பாப்பன்."

பற்றறி அப்போதிருந்தே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.