கடலை எண்ணெய்க்கு ஜிஎஸ்டியே இருக்காதாம்!

போன வாரம் விருதுநகரில் வியாபாரிகள் கூட்டம் ஒன்றுக்கு ஒரு வேட்பாளர் வந்திருந்தார். எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. சால்வை, மாலை எல்லாம் முடிந்து மைக்கைப் பிடித்தவர், "அண்ணாச்சிமாரே, என்னைச் சட்டமன்றத்துக்கு அனுப்புங்க. கடலை எண்ணெய்க்கு ஜிஎஸ்டியே இல்லாமப் பண்ணிக் காட்டுறேன்" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எண்ணெய்க் கடை அண்ணாச்சி திரும்பி, "என்ன ஆடிட்டர், நடக்குமா?" என்று கேட்டார். (நான் ஆடிட்டர் இல்லை, வரி ஆலோசகர். இருபது வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.)

நடக்காது. வாட் (மாநிலம் போட்ட விற்பனை வரி) காலத்தில் என்றால் ஒரு பொருளுக்கு வரியைக் குறைக்கக் கோட்டையில் முடிவெடுத்தால் போதும். அறிவிப்பு வந்ததும் பில்லில் மாற்றிவிடுவோம். ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலை 1க்குப் பிறகு கடலை எண்ணெய்க்கு 5 சதவீதமா, ஒன்றுமே இல்லையா என்பதை ஒன்றிய, மாநில அமைச்சர்கள் உட்காரும் ஜிஎஸ்டி மன்றம்தான் தீர்மானிக்கிறது. ஓட்டெடுப்பு என்று வந்தால் அங்கே ஒன்றிய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதியை எல்லா மாநிலங்களும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். தீர்மானம் நிறைவேற முக்கால் பங்கு வேண்டும். கணக்குப் போட்டால் தமிழ்நாட்டின் ஓட்டு நூற்றுக்கு இரண்டு சொச்சம்தான் வரும். அதையும் போடுவது ஓர் அமைச்சர். 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருள்களுக்கு வரி குறைந்ததே, அதுவும் அந்த மன்றம் எடுத்த முடிவுதான்.

அப்படியானால் எம்.எல்.ஏ. தொடக்கூடிய வரியே கிடையாதா? நிறைய இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு ஜிஎஸ்டியிலேயே தொங்குகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

பெட்ரோல் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. மாநிலம் வாட் போடுகிறது. 2021 தேர்தல் அறிக்கையில் லிட்டருக்கு 5 ரூபாய் குறைப்போம் என்று தி.மு.க. சொன்னது. ஆகஸ்டில் வந்த பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் 3 ரூபாய் குறைத்தார். அதனால் வருஷத்துக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்றும் சேர்த்தே சொன்னார். ஒரு ரூபாய்க்குக் கிட்டத்தட்ட 390 கோடி. மேடையில் யாராவது 10 ரூபாய் குறைப்பேன் என்றால் அந்தக் கணக்கிலேயே 3,900 கோடி ஆகிறது. இந்தப் பெருக்கலைப் போட ஆடிட்டர் வேண்டாம்.

என் மேசைக்கு அதிகம் வருவது பத்திரப் பதிவு விவகாரம். 2017இல் வழிகாட்டி மதிப்பை (பத்திரப் பதிவுக்காக நிலத்துக்கு அரசு குறித்துவைக்கும் மதிப்பு) 33 சதவீதம் குறைத்துவிட்டு, பதிவுக் கட்டணத்தை 1லிருந்து 4 சதவீதமாக ஏற்றினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழையபடி உயர்த்தி, கட்டணத்தை 2 ஆக்கினார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம் அப்படியே நிற்கிறது. இத்தனையும் சென்னையில் எடுத்த முடிவுகள். டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை.

டீக்கடை வைத்திருக்கும் ஒருவர் ஊருக்கு வெளியே 9 லட்சத்துக்கு மனை பேசி, தன் பெயரில் பத்திர வரைவும் எழுதிக்கொண்டு வந்தார். "வீட்டுக்காரம்மா பேர்ல போடுங்கண்ணே" என்றேன். "அவ பேர்லயா?" என்று இழுத்தார். 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் 18,000 என்று எழுதி அடித்து, கீழே 9,000 என்று எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அந்த அம்மாவின் ஆதாரோடு வந்துவிட்டார்.

மனை பத்தரை லட்சமாக இருந்திருந்தால் அந்தச் சலுகை கிடையாது. எங்கள் பக்கம் பரவாயில்லை, சென்னையில் 10 லட்சத்துக்கு எதை வாங்குவது? அந்த வரம்பை ஏற்றச் சொல்லி எந்த வேட்பாளரையாவது யாராவது கேட்டிருக்கிறோமா?

வீட்டு வரிக்கு நகராட்சியைத் திட்டுகிறோம். 2022இல் 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம் என்று எங்களைப் போன்ற ஊர்களுக்கு உயர்வைச் சொன்னது மாநில அரசு. ஆகவே அதுவும் இவர்களிடம் கேட்க வேண்டியதுதான்.

"எதிர்க்கட்சியில உக்காந்தா நான் என்ன பண்ண முடியும்?" என்பார்கள். அரசியலமைப்பின் 207ஆவது பிரிவில் ஒரு சின்ன விதிவிலக்கு இருக்கிறது. வரி விதிக்கும் மசோதாவை ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் அவையில் கொண்டுவர முடியாது. வரியைக் குறைக்கவோ நீக்கவோ கொண்டுவரும் திருத்தத்துக்கு அந்தப் பரிந்துரை தேவையில்லை. ஓட்டெடுப்பில் அது தோற்கும், தெரிந்ததுதான். ஆனாலும் கேட்டார் என்பது அவைக்குறிப்பில் நிற்கும்.

செலவுப் பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. மகளிர் உரிமைத் தொகைக்கு 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கியது 13,807 கோடி. மாதம் ஆயிரத்தை இரண்டாயிரம் ஆக்குவேன் என்பவர், இன்னொரு 13,807 கோடிக்கு வழி சொல்ல வேண்டும். இலவசங்கள் பற்றிய தமிழ்நாட்டு வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, தேர்தல் அறிக்கையில் வாக்குறுதிக்கான நிதி வழியையும் காட்ட வேண்டும் என்று தேர்தல் ஆணையமே நடத்தை விதிகளில் சேர்த்தது. மூட்டைக்கு இவ்வளவு என்று தங்களுக்குத் தாங்களே மகமை போட்டுப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் இது. காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்ததுதான். காசு போட்டவர்கள் கணக்கும் கேட்டார்கள். பேரன்கள் கைதட்டிவிட்டுக் காபி குடிக்கப் போகிறோம்.

கூட்டம் முடிந்ததும் எண்ணெய்க் கடை அண்ணாச்சிக்கு அந்த வேட்பாளரின் படிவம் 26ஐ அச்செடுத்துக் கொடுத்தேன். வேட்புமனுவோடு தரும் உறுதிமொழிப் பத்திரம் அது. தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம். கடைசி ஐந்து வருஷம் வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம், சொத்து, கடன், அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி எல்லாம் அதில் இருக்கும். வரியைப் பற்றிப் பேச வருகிறவர் தன் வரியை எப்படிக் கட்டுகிறார் என்று பார்க்க அதைவிட நல்ல காகிதம் இல்லை. அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வருமானப் பக்கத்திலேயே வெகுநேரம் நின்றுவிட்டார்.

வருகிற வியாழக்கிழமை அதே மண்டபத்துக்கு இன்னொரு வேட்பாளர் வருகிறார். இந்தத் தடவை கேள்வியைத் தானே கேட்பதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்: பதிவுக் கட்டணச் சலுகைக்கான 10 லட்சம் வரம்பை எவ்வளவாக்கச் சொல்லி அவையில் பேசுவீர்கள், அதனால் குறையும் வருமானத்தை எங்கிருந்து ஈடுகட்டச் சொல்வீர்கள்?