எடை மெஷின் சொல்வதை யார் கேட்கிறார்கள்?

இதயச் செயலிழப்பு (இதயம் போதிய ரத்தத்தைத் தள்ள முடியாத நிலை) உள்ளவருக்கு நள்ளிரவில் மூச்சு முட்டினால் வீட்டார் திடீரென்று வந்ததாக நினைப்பார்கள். பெரும்பாலும் அதற்கு ஒரு வாரம் முன்பே உடலில் நீர் சேரத் தொடங்கியிருக்கும். இதயம் தள்ளும் ரத்தம் குறைந்தால், சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீர் என்றால் ஒரு கிலோ எடை. கால் வீக்கம் கண்ணில் படும்போது சில லிட்டர் சேர்ந்திருக்கலாம்.

ஆகவே தினமும் எடை பார்க்க வேண்டும்: காலையில், சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், அதே மாதிரி உடையில், கெட்டியான தரையில் வைத்த அதே மெஷினில். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பசியற்று உடல் தேய்கிறவருக்கு நீர் சேர்ந்தாலும் எடை ஏறாமல் இருக்கலாம். அவரிடம், மூச்சு முட்டாமல் படுக்க எத்தனை தலையணை தேவைப்படுகிறது என்று கேட்க வேண்டும்.

எடை பார்ப்பது மட்டும் போதுமா? அமெரிக்காவில் 1,653 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. அவர்களில் பாதிப் பேர் தினமும் தானியங்கித் தொலைபேசியில் எடையையும் அறிகுறிகளையும் பதிந்தார்கள். மருத்துவக் குழுவினர் வார நாட்களில் மட்டும் அவற்றைப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் அல்லது இறந்தவர்கள் இந்தப் பாதியில் 52.3 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற மறுபாதியில் 51.5. பயனே இல்லை. பதிய வேண்டியவர்களில் 14 சதவீதம் பேர் அந்த எண்ணை ஒருமுறைகூட அழைக்கவில்லை.

ஜெர்மனியில் 2018இல் முடிவு வேறாக வந்தது. அங்கே எடை, ரத்த அழுத்தம், ஈசிஜி எல்லாம் மருத்துவர்களும் செவிலியர்களும் 24 மணி நேரமும் இருக்கும் மையத்துக்குப் போயின. ஆண்டுக்கு 100 பேரில் இறப்பு 11.3இலிருந்து 7.9ஆகக் குறைந்தது. மருந்தளவை உடனே மாற்றக்கூடியவர் மறுமுனையில் இருந்ததே முக்கியமான வேறுபாடு என்பது எங்கள் கணிப்பு.

நேரில் வரும் செவிலியருக்குத் தெரிவது எந்தக் கருவிக்கும் தெரியாது. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிய டைக்ளோஃபினாக் உப்பைத் தேக்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடும் கேடுதான். 'சோடியம் குறைந்த' உப்பில் பொட்டாசியம் இருக்கும்; உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது இதயத் துடிப்பையே குலைக்கலாம். பயண நாளில் நீர் மாத்திரையை (சேர்ந்த நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது) விட்டுவிடுவது மிகச் சாதாரணம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 70 வயதைக் கடந்த 282 பேரில் பாதிப் பேருக்குச் செவிலியர் தலைமையில் உணவு அறிவுரை, மருந்துச் சீரமைப்பு, வீட்டுக்கு வருகை என்று செய்து பார்த்தார்கள். 90 நாளில் இதயச் செயலிழப்புக்காக மீண்டும் சேர்ந்தது வழக்கமான சிகிச்சையில் 54 முறை, இவர்களிடம் 24 முறைதான் (1995).

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது மருத்துவரிடம் மூன்றை எழுதி வாங்குங்கள்: நீர் வடிந்தபின் உள்ள எடை, எடை ஏறினால் நீர் மாத்திரை எவ்வளவு கூட்டுவது, இரவிலும் எடுக்கப்படும் தொலைபேசி எண்.