யு-பூட் ஃபிளாஷ் சிப்பை அடையாளம் காணாவிட்டால்: முதலில் அந்த மூன்று பைட்டைப் பாருங்கள்

போர்டைத் துவக்கும் பூட்லோடரான யு-பூட், கன்சோலில் 'ஜெடெக் ஐடி (சிப்பின் அடையாள எண்) தெரியவில்லை' என்று காட்டியதும் பலர் உடனே அதன் சோர்ஸைத் திறந்து, அது அறிந்த சிப்களின் ஐடி பட்டியலில் ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். ஐடி கேட்கும் 9எஃப் கட்டளைக்கு சிப் அனுப்பும் மூன்று பைட்டும் அந்தச் செய்தியிலேயே இருக்கும்: தயாரிப்பாளர், வகை, கொள்ளளவு. கோளாறு எங்கே என்பதைப் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும்.

வின்பாண்ட் 16 எம்பி சிப் என்றால் ஈஎஃப் 40 18 வர வேண்டும். மூன்றும் எஃப்எஃப் என்றால் சிப் பேசவே இல்லை: சிப் செலக்ட் (சிப்பைத் தேர்ந்தெடுக்கும் லைன்) தவறு, பின்மக்ஸ் (பிராசஸர் பின் எந்த வேலைக்கு என்ற அமைப்பு) தவறு, அல்லது சிப்பை நிறுத்தி வைக்கும் 7-ஆம் பின்னான ஹோல்டு எதோடும் இணையாமல் மிதக்கிறது. 3 (எழுதுவதைத் தடுக்கும் ரைட் புரொடெக்ட்), 7 இரண்டு பின்களுக்கும் 10 கிலோஓம் புல்-அப் (சப்ளையோடு இணைக்கும் ரெசிஸ்டர்) போடுங்கள். மூன்றும் 00 என்றால் சப்ளையையும் டேட்டா லைன் கிரவுண்டோடு ஒட்டியிருக்கிறதா என்பதையும் மீட்டரில் பாருங்கள். டிஈ 80 30 அல்லது 77 ஏ0 0சி போல வந்தால் அது புது சிப் அல்ல. அதே ஈஎஃப் 40 18 ஒரு பிட் நகர்ந்து வந்திருக்கிறது. எஸ்பிஐ (சிப்போடு பேசும் சீரியல் இணைப்பு) மோடைச் சரிபார்த்து, கிளாக்கை 1 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கி மறுபடி புரோப் செய்யுங்கள், அதாவது ஐடியைக் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொரு தடயம். யு-பூட்டே அந்த ஃபிளாஷிலிருந்துதான் ஏறியது என்றால் சால்டரிங்கைக் குறை சொல்ல முடியாது. பிராசஸருக்குள்ளேயே பதிந்திருக்கும் பூட் ரோம் பெரும்பாலும் ஐடி கேட்காமல், குறைந்த வேகத்தில் 03 என்ற சாதாரண ரீட் கட்டளையால் படித்துவிடும். அப்போது வேகம், பின்மக்ஸ், பட்டியல் இந்த மூன்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பட்டியலில் கை வைப்பது, பவர் ஆஃப் செய்து ஆன் செய்த ஒவ்வொரு முறையும் அதே ஐடி வந்து, அது டேட்டாஷீட்டோடும் பொருந்தினால் மட்டும்தான். பக்கத்து வரியைக் காப்பியடித்தால் மாட்டிக்கொள்வீர்கள். 4 கேபி அழிப்பு இல்லாத சிப்புக்கு 4 கேபி என்று எழுதினால் அழிக்கும் கட்டளையை சிப் கண்டுகொள்ளாது; பழைய தரவின் மேலேயே புதுத் தரவு எழுதப்படும். எழுதும்போது 1-ஐ 0 ஆக்க முடியுமே தவிர 0-வை 1 ஆக்க முடியாது. சேமித்த என்விரான்மென்ட் (யு-பூட்டின் அமைப்புகள்) சிஆர்சி (தரவுச் சரிபார்ப்பு) பிழையில் போய் நிற்கும்.

பர்ச்சேஸில் வின்பாண்டுக்குப் பதில் மேக்ரானிக்ஸ் வாங்கிவிட்டால் ஐடி சரியாகவே தெரியும், ஆனால் குவாட் ரீட் (நான்கு டேட்டா லைனில் படிப்பது) குப்பையாக வரலாம். குவாட் எனேபிள் பிட் முன்னதில் இரண்டாம் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் 1-ஆம் பிட், பின்னதில் முதல் ரெஜிஸ்டரில் 6-ஆம் பிட்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறையாக சிப் வாங்கினால் மேலே அச்சிட்டதை மட்டும் நம்பாதீர்கள், ஐடியைப் படியுங்கள். ஈஎஃப் 60 18 வந்தால் அது 1.8 வோல்ட் வகை. அதை எப்படிப் படிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். சிப்பைப் படித்து எழுதும் கறுப்பு சிஎச்341ஏ புரோகிராமர் பலவற்றில் டேட்டா லைன் 5 வோல்ட், அதில் 1.8 வோல்ட் சிப்பை மாட்டினால் முடிந்தது கதை.

பவர் ஆன் செய்தால் சரி, ரீபூட்டில் மட்டும் எஃப்எஃப் என்றால், யு-பூட்டுக்குப் பின் ஓடிய இயங்குதளத்தின் கெர்னல் சிப்பை நான்கு லைன் மோடிலேயே விட்டுப் போயிருக்கும். ஒற்றை லைனில் போகும் 9எஃப் அதற்குப் புரியாது. ரீபூட்டுக்கு முன் அந்த மோடிலிருந்து சிப்பை விடுவிக்கும் புரோகிராம் வரிகள் உதவும்தான், ஆனால் வாட்ச்டாக் (உறைந்துபோன போர்டைத் தானே ரீசெட் செய்யும் டைமர்) ரீசெட்டில் அவை ஓடவே ஓடாது. ரீசெட் பின் உள்ள சிப்பைத் தேர்ந்தெடுத்து, அதை போர்டின் ரீசெட் லைனோடு இணைத்துவிடுங்கள்.