ஒரே வேலைக்கு ஏன் இரண்டு பெயர்கள்?

எச்டிஓஎன்எஸ் (htons), என்டிஓஎச்எஸ் (ntohs) ஆகிய இரண்டு செயற்கூறுகளும் இரண்டு பைட்களை இடம் மாற்றி வைப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லையே, பிறகு எதற்கு இரண்டு பெயர்கள் என்று, வலையமைப்பின் வழியே நிரல்கள் பேசிக்கொள்ள உதவும் சாக்கெட் நிரலாக்கம் கற்றுவரும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் கவனித்தது சரிதான். பெரும்பாலான கையேடுகள் இந்த இடத்தை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன.

எட்டு பிட் கொண்ட ஒரு பைட்டில் 0 முதல் 255 வரையிலான எண்ணையே வைக்க முடியும். தரவு கணினியில் எந்த நிரலுக்குப் போக வேண்டும் என்று காட்டும் போர்ட் எண்களுள் ஒன்றான 8080க்கு 31, 144 என இரண்டு பைட்கள் வேண்டும். 31ஐ 256ஆல் பெருக்கி 144ஐக் கூட்டினால் 8080 வரும். இவற்றுள் மதிப்பில் பெரிய இடத்துக்குரிய 31ஐ நினைவகத்தில் முதலில் வைப்பது பெருமுனை வரிசை, 144ஐ முதலில் வைப்பது சிறுமுனை வரிசை. முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று லில்லிபுட் தீவினர் சண்டையிட்ட, ‘கலிவரின் பயணங்கள்’ நாவலில் வரும் கதையிலிருந்து இப்பெயர்களை எடுத்து, 1980இல் எழுதிய குறிப்பொன்றின் வழியாகக் கணினித் துறைக்குக் கொண்டுவந்தவர் டேனி கோஹன். இணைய நெறிமுறைகள் பெருமுனை வரிசையை ஏற்றுக்கொண்டன. இன்றைய இன்டெல் செயலிகளோ சிறுமுனை வரிசையில் இயங்குகின்றன.

இந்த இடைவெளியை நிரப்பும் செயற்கூறுகள் 1983இல் வெளிவந்த 4.2பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தில் இடம்பெற்றன. பெயரில் உள்ள எச் என்பது ஹோஸ்ட், அதாவது நிரல் இயங்கும் கணினி. என் என்பது நெட்வொர்க், அதாவது வலையமைப்பு. இடையில் உள்ள டிஓ, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். இறுதியில் வரும் எஸ் (ஷார்ட்) 16 பிட் எண்ணையும், எச்டிஓஎன்எல், என்டிஓஎச்எல் என்ற இணைச் செயற்கூறுகளின் இறுதியில் வரும் எல் (லாங்) 32 பிட் எண்ணையும் குறிக்கின்றன. சி மொழியின் லாங் வகை பல கணினிகளில் 64 பிட்டாக வளர்ந்துவிட்ட பின்னும் இந்த எல் மட்டும் 32 பிட்டிலேயே நிற்பதால், புதிதாகக் கற்பவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். பெருமுனைக் கணினியில் இவை எதையுமே மாற்றாமல் வந்த எண்ணை அப்படியே திருப்பித் தருகின்றன என்பதால், ஒரே நிரல் இருவகைக் கணினிகளிலும் திருத்தமின்றி ஓடுகிறது.

சிறுமுனைக் கணினியிலோ, இடம் மாற்றியதை மீண்டும் இடம் மாற்றினால் பழைய எண்ணே கிடைக்கும். ஆகவே போகும் வழிக்கும் வரும் வழிக்கும் செயல் ஒன்றுதான், எச்டிஓஎன்எஸ் வர வேண்டிய இடத்தில் என்டிஓஎச்எஸ் என்று எழுதினாலும் நிரல் பிசகாமல் ஓடும். ஆனால் நிரலைப் படிப்பவர் பிசகிவிடுவார், ஏனெனில் அந்தப் பெயர் இயந்திரத்துக்காக வைக்கப்பட்டதன்று. இந்த மாறியில் இருப்பது கணினியின் வரிசையா வலையமைப்பின் வரிசையா என்று அடுத்து வருபவருக்குச் சொல்லும் குறிப்பு அது. இரு பக்கத்து எண்களுக்கும் சி மொழியில் ஒரே தரவு வகைதான் என்பதால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அந்தக் குறிப்பைச் சரிபார்ப்பதும் இல்லை.

கையேடுகளில் இருக்க வேண்டியதாக நான் கருதும் வாக்கியம் இதுதான்: எச்டிஓஎன்எஸ் திருப்பித் தருவது எண் போலத் தோன்றும் பைட் வரிசையே, அதைக் கொண்டு கணக்குப் போடக் கூடாது. சிறுமுனைக் கணினியில் 8080ஐ மாற்றினால் 36895 கிடைக்கிறது. அடுத்த போர்ட் வேண்டுமென்று அதனுடன் 1ஐக் கூட்டினால், வலையமைப்பின் பார்வையில் அது 8081 ஆவதில்லை, 8336 ஆகிறது. கூட்டிய ஒன்று, 256ஆல் பெருக்கப்படும் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

இதைவிட வியப்பானது, மாற்ற மறந்தும் எல்லாம் சரியாக நடப்பது. 80 என்ற போர்ட்டை மாற்றாமல் கொடுத்த சேவையக நிரல் உண்மையில் 20480இல் காத்திருக்கும். அதே பிழையைச் செய்த வாடிக்கையாளர் நிரலும், அதுவும் சிறுமுனைக் கணினியில் ஓடினால், 20480ஐயே தேடி வரும். இரண்டு தவறுகளும் ஒன்றையொன்று அழித்துவிட, ஒழுங்காக எழுதப்பட்ட மூன்றாவது நிரல் ஒன்று 80ஐத் தேடி வந்து கதவு மூடியிருப்பதைக் காணும்வரை எவருக்கும் எதுவும் தெரியாது. யூனிக்ஸ் வழக்கப்படி 1024க்குக் கீழுள்ள போர்ட்களைத் திறக்கத் தனி அனுமதி வேண்டும். அது இல்லாமலே 80 திறந்துவிட்டதாகத் தோன்றினால் அப்போதே ஐயம் எழ வேண்டும்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருவகத்தை எழுதியவர்கள் பெயரை மட்டும் நம்பியிருக்கவில்லை. பெருமுனை எண்களுக்கென்று தனி வகைப்பெயர்களை வகுத்து, அவை சாதாரண எண்களுடன் கலந்தால் ஸ்பார்ஸ் என்ற கருவி எச்சரிக்கும்படி செய்திருக்கிறார்கள். வேறு சிலர், வந்த முதல் பைட்டை எட்டு பிட் இடப்பக்கம் தள்ளி, அதாவது 256ஆல் பெருக்கி, இரண்டாவதைச் சேர்த்து எண்ணைத் தாமே கட்டிக்கொள்கிறார்கள். அம்முறையில் தம் கணினி எந்த முனையைச் சேர்ந்தது என்ற கேள்வியே எழுவதில்லை என்பதால் எனக்கும் அதுவே பிடிக்கும்.

நிரலை எழுதியவர் மாற்ற மறந்தாரா என்று கண்டுபிடிக்கவே முடியாத போர்ட்களும் உண்டு. கணினிகள் தம் நிகழ்வுப் பதிவுகளை அனுப்பும் சிஸ்லாக் நெறிமுறைக்கு உரிய 514ஐ இரண்டு பைட்களாகப் பிரித்தால் 2, 2 என்றே வருகிறது. அதை எத்தனை முறை இடம் மாற்றினாலும் 514தான்.